கீத் கிரீன் பாட்டுக்கு விலை வைக்காமல் விட்டது சரியா?

வெள்ளைக்கட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சபையில் கீபோர்டு வாசிக்கிறேன், வயது 23. சொந்தமாகப் பத்துப் பதினைந்து பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் நண்பன் ஒருவன் கீத் கிரீன் பாட்டு ஒன்றை அனுப்பி, "70களில் அமெரிக்காவில் பாடின ஆள், கேட்டுப் பார்" என்றான். கேட்டேன். ஒரு மனிதன், ஒரு பியானோ, அவ்வளவுதான். ஆனால் அந்த இடது கை இருக்கிறதே! தனியாக ஒரு டிரம்ஸ்காரர் எதற்கு என்று கேட்பது போல பாஸ் கட்டைகளை இடித்துக்கொண்டே போகிறது. வலது கை அதற்குப் பதில் சொல்கிறது, நடுவில் அவர் பாடவும் செய்கிறார். நாலு நாளாக முயன்று பார்க்கிறேன். இடது கை வந்தால் பாட்டு போய்விடுகிறது, பாட்டு வந்தால் கை நின்றுவிடுகிறது.

அது கிடக்கட்டும். அவரைப் பற்றித் தேடிப் படித்ததில், 1979இல் 'இனிமேல் என் இசைத்தட்டுக்கும் கச்சேரிக்கும் விலை கிடையாது' என்று முடிவெடுத்தார் என்று தெரிந்தது. முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அன்றிலிருந்து இது மண்டையைக் குடைகிறது. என்னுடைய மூன்று பாட்டு பதிவு முடிந்து தயாராக இருக்கிறது. நண்பர்கள் விற்பனைக்குப் போடு என்கிறார்கள். அம்மா, "ஆண்டவர் கொடுத்ததை விற்காதே" என்கிறார். இரண்டு பக்கமும் வசனம் இருப்பதுதான் தொல்லை. அவர் செய்தது சரியா? எல்லாரும் செய்யக்கூடியதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேசட் எழுதியது:

தம்பி, நல்ல ஆளைப் பிடித்தாய். 79க்கு நேரே போகாதே, 65இலிருந்து வா. அப்போதுதான் விஷயம் பிடிபடும்.

1953 அக்டோபரில் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தார், வளர்ந்தது கலிபோர்னியாவில். யூதப் பின்னணி உள்ள குடும்பம், ஆனால் வளர்த்தது கிறிஸ்டியன் சயன்ஸ் மார்க்கத்தில். மூன்று வயதில் யூகலேலே, ஐந்தில் கிட்டார், ஏழில் பியானோ. 1965இல், பதினொரு வயதுப் பையனாக இருக்கும்போதே டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. அதற்குள் நாற்பது பாட்டு எழுதியிருந்தார். பாடலாசிரியர்களுக்கான ஆஸ்காப் சங்கத்தில் அந்த வயதிலேயே உறுப்பினர். டைம் பத்திரிகையில் செய்தி வந்தது. அடுத்த பெரிய சிறுவர் நட்சத்திரம் இவன்தான் என்று எல்லாரும் எழுதினார்கள்.

ஆகவில்லை. அந்த இடத்தில் டோனி ஆஸ்மண்ட் என்ற இன்னொரு பையன் வந்து உட்கார்ந்துவிட்டான். கீத் பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடினார். போதை மருந்து, கீழைத்தேச ஞான மார்க்கங்கள், அந்தக் காலத்து இளைஞர்கள் தேடிய எல்லாம். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்ததால் அந்தத் தவிப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது. 1973இல் கிறிஸ்துமஸ் அன்று மெலடியைத் திருமணம் செய்தார், அவரும் பாட்டு எழுதுகிறவர். இருவருமாகத் தேடி, 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு வேதபாடக் குழுவில் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள். வைன்யார்டு என்று பின்னாளில் பெரிதாக வளர்ந்த இயக்கத்தின் ஆரம்பக் குழு அது.

அப்புறம் வண்டி நிற்கவே இல்லை. 1977இல் முதல் கிறிஸ்தவ ஆல்பம். அதன் பெயரே 'கேட்கிறதற்குக் காதுள்ளவன்' வசனத்திலிருந்து எடுத்ததுதான். 78இல் அடுத்தது, 'நோ காம்ப்ரமைஸ்', அதாவது 'விட்டுக்கொடுக்காதே'. இரண்டும் ஸ்பாரோ நிறுவனம் வெளியிட்டவை. இரண்டும் கடையில் விலைக்கு விற்றவை என்பதைக் குறித்துக்கொள்.

என் கையில் இருந்த கேசட்டுக்கு எத்தனையாவது நகல் என்று தெரியாது. பாட்டுக்கு முன்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நிமிடம் இரைச்சல் ஓடும். இப்போது தெளிவான பதிவு கிடைக்கிறது, எனக்கு அந்த இரைச்சல் இல்லாமல் கேட்டால் ஏதோ குறைகிறது.

அலைவரிசை எழுதியது:

ஒலிப்பதிவு என் தொழில். அதனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

அவர் இலவசம் என்று அறிவித்தபோது அவருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. ஒரு நிறுவனம் பணம் போட்டு இரண்டு ஆல்பம் வெளியிட்டு, வானொலியில் ஓட்டி, ஊர் ஊராக ஆள் சேர்த்துக் கொடுத்திருந்தது. அடமானம் வைக்க ஒரு வீடும் இருந்தது. 1980இல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்கு அவரும் மனைவியும் வீட்டை அடமானம் வைத்துத்தான் பணம் திரட்டினார்கள். அதாவது இலவசம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. யாரோ ஒருவர் கட்டுகிறார். அங்கே அவரே கட்டினார், அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இதை உதாரணம் காட்டி "ஊழியம்தானே பிரதர், கணக்குப் பார்க்காதீர்கள்" என்று என்னிடம் ராத்திரி பன்னிரண்டு மணிவரை மிக்ஸிங் செய்யவைத்துவிட்டு, வாசலில் ஜெபம் செய்துவிட்டுப் போனவர்கள் பட்டியல் பெரியது. அவர்கள் அடமானம் வைத்தது என் தூக்கத்தை.

"வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்." லூக்கா 10:7. இதுவும் இயேசு சொன்னதுதான்.

வெள்ளைக்கட்டை எழுதியது:

அலைவரிசை அண்ணா, அம்மா சொல்வது மத்தேயு 10:8. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்." வேடிக்கை என்னவென்றால் அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி, வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்றும் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில் ஒரே ஆட்களுக்குச் சொன்னது. அம்மாவிடம் காட்டினேன். "ஆகாரம்தானே, அது வீட்டில் போடுகிறேனே" என்று முடித்துவிட்டார்.

பழைய கேசட் எழுதியது:

அம்மாவை வெல்ல முடியாது தம்பி.

அலைவரிசை சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1982 மே வரைக்கும் அந்த முறையில் 2,00,000க்கு மேல் பிரதிகள் அனுப்பியிருந்தார்கள். அதில் காசே வாங்காமல் போனவை 61,000. திருப்பிப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் மூன்று பேர் சும்மா வாங்கினார்கள், ஏழு பேர் ஏதோ ஒன்று கொடுத்து வாங்கினார்கள். கேட்காமலே கொடுத்த ஏழு பேர். கடையில் விலைக்கு வைத்திருந்தால் அந்த மூன்று பேர் வாங்கியே இருக்க மாட்டார்கள். அவருக்கு அந்த மூன்று பேர்தான் கவலை.

பிறகு கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் வழியாகவும் போனது. கடைக்காரர் சும்மா கொடுக்க முடியாதே? அங்கே ஒரு ஏற்பாடு. ஒரு கேசட் வாங்கினால் இன்னொரு கேசட் கூடவே இலவசம், நண்பருக்குக் கொடுப்பதற்காக. இன்றைக்கு இந்த 'ஒன்று வாங்கினால் ஒன்று' சோப்புக்கும் உண்டு. அதில் இரண்டும் நம் வீட்டுக்கே வரும், இதில் இரண்டாவது கைமாறிப் போக வேண்டும். அதுதான் வித்தியாசம்.

இன்னொரு துணுக்கு: அந்த 80ஆம் வருட ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு ஹார்மோனிகா வாசித்திருப்பவர் பெரும் பாடகர் பாப் டிலன்.

அலைவரிசை எழுதியது:

டிலனா? இது தெரியாது. சரி, அந்தப் பாட்டை மட்டும் இன்றைக்கு இரண்டு முறை கேட்டுவிடுகிறேன்.

பத்தில் ஏழு என்ற கணக்கும் யோசிக்க வைக்கிறது. ஆனால் ஏழு பேரும் முழு விலைக்குச் சமமாகக் கொடுத்திருப்பார்களா? அது வேறு கேள்வி.

மறுகரை எழுதியது:

எல்லாரும் மாலை போடுகிற இடத்தில் நான் ஒரு முள்ளையும் வைத்துவிட்டுப் போகிறேன். நான் கத்தோலிக்கன். கீத் கிரீன் பாட்டு எனக்கும் பிடிக்கும், இளைஞர் கூட்டத்தில் பாடியிருக்கிறேன். அவர் தன் பத்திரிகை ஊழியத்தில் கத்தோலிக்கப் போதனைகளைத் தாக்கி ஒரு தொடரே வெளியிட்டார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. படித்தபோது வலித்தது. நான் கண்ணை மூடிப் பாடிய பாட்டை எழுதிய கை, என் பாட்டி ஜெபமாலை உருட்டியதைத் தவறு என்று எழுதியிருக்கிறது.

அந்த ஆளின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தனக்கு வைத்த அதே அளவுகோலை ஊர் முழுக்க வைத்து அளந்தார். ஆல்பத்துக்கு 'விட்டுக்கொடுக்காதே' என்று பெயர் வைத்தவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது என் தப்புதான்.

சன்னலோரம் எழுதியது:

மறுகரை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், நான் கத்தோலிக்கர் இல்லாவிட்டாலும். கீத்தின் கூட்டத்தில் பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் கண்டிப்பு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். தூங்கிக்கொண்டிருக்கும் சபையைப் பார்த்து அவர் பாடிய பாட்டைக் கேட்டால் நமக்கே முதுகில் அடி விழுந்தது போல இருக்கும். சார்லஸ் ஃபின்னி என்கிற 19ஆம் நூற்றாண்டு எழுப்புதல் பிரசங்கியாரின் எழுத்தை விழுந்து விழுந்து படித்தவர், அந்தச் சூடு அங்கிருந்து வந்தது. 28 வயதிலேயே செத்துப்போன ஒருவருக்கு ஆறிப்போக நேரம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நாம் எல்லாரும் 28இல் எழுதினதை இன்றைக்கு எடுத்துப் படித்தால் என்ன ஆகும்?

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இங்கே யாருமே மெலடியைப் பற்றிப் பேசவில்லை. திருமணமாகி இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் வீட்டுக்குப் போதைக்கு அடிமையானவர்கள், வீடில்லாதவர்கள், திருமணமாகாமல் கர்ப்பமான பெண்கள் என்று ஆட்களைக் கூட்டிவந்து தங்கவைக்கிறார்கள். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு சின்ன வீடு. இடம் போதாமல் பக்கத்து வீட்டை வாங்கி, அதே பகுதியில் இன்னும் ஐந்து வீடுகளை வாடகைக்கு எடுத்து, ஒரு கட்டத்தில் 70 பேர். எழுபது பேர்! எங்கள் வீட்டில் நாலு விருந்தாளி இரண்டு நாள் தங்கினால் குளியலறை வாசலில் வரிசை நிற்கும், மூன்றாம் நாள் எனக்குத் தலைவலி வந்துவிடும். பாட்டு எழுதப் பேனாவை எடுக்க அந்தப் பெண்ணுக்கு நேரம் எங்கே கிடைத்தது?

எடுத்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். 'தேர் இஸ் எ ரிடீமர்' பாட்டை எல்லாரும் கீத் கிரீன் பாட்டு என்கிறார்கள். எழுதியவர் மெலடி. கீத் பாடி 1982 ஆல்பத்தில் வந்தது, அவ்வளவே.

பழைய கேசட் எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா, குட்டு எனக்குத்தான். நானும் இத்தனை வருடம் அதை அவர் பாட்டு என்றே சொல்லித் திரிந்திருக்கிறேன்.

கோவில்பக்கம்போகாதவன் எழுதியது:

எனக்கு நம்பிக்கை எதுவும் கிடையாது, இசைக்காக இந்தப் பகுதியில் சுற்றுகிறவன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

செம்மறியாடு, வெள்ளாடு என்று நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி, மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வைத்து ஒரு நீண்ட பாட்டு இருக்கிறது. பாட்டு என்று சொல்வதா, கதாகாலட்சேபம் என்று சொல்வதா? பியானோவை ஓடவிட்டுக்கொண்டே பேசுகிறார், நடிக்கிறார், ஒரு பக்கத்து ஆட்களின் சாக்குப்போக்கை அவர்கள் குரலிலேயே இழுத்துச் சொல்லிக் கிண்டல் செய்கிறார், கூட்டம் சிரிக்கிறது. பியானோவும் சேர்ந்து சிரிக்கிறது. பிறகு அந்தச் சிரிப்பை அப்படியே தொண்டையில் நிறுத்துகிற மாதிரி கடைசியில் ஒரு திருப்பம். இரண்டு கூட்டத்துக்கும் உள்ள ஒரே வித்தியாசம் அவர்கள் செய்ததும் செய்யாததும்தான் என்று முடிப்பார். பிரசங்கம் கேட்கப் பொறுமை இல்லாத நான் இதை முழுதாகக் கேட்டேன். ராகம் தாளம் எல்லாம் அப்புறம், அந்த ஆளுக்குக் கதை சொல்லத் தெரியும்.

எல்டன் ஜான் சாயல் இருப்பது உண்மைதான், அந்தத் தலைமுறைப் பியானோக்காரர் யாருக்குத்தான் இல்லை. தம்பி வெள்ளைக்கட்டை, இடது கைக்கு ஒரு யோசனை: பாட்டைப் பாடாமல், வரிகளைச் சும்மா பேசிக்கொண்டே வாசித்துப் பார். கை பேச்சோடு ஒட்டிக்கொண்ட பிறகு ராகத்தைச் சேர்.

வெள்ளைக்கட்டை எழுதியது:

பேசிக்கொண்டே வாசித்தேன், வேலை செய்கிறது! முதல் இரண்டு வரிக்குக் கை நிற்கவில்லை. நன்றி அண்ணா.

நேற்று ராத்திரி முழுக்க இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பழைய கேசட் ஐயா ஏன் 65இலிருந்து வரச்சொன்னார் என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. பதினொரு வயதில் ஒரு நிறுவனம் அவரைச் சரக்காக எடுத்து, படம் போட்டு, விளம்பரம் செய்து, விற்றுப்பார்த்திருக்கிறது. விலை போகவில்லை. அப்படி ஒரு முறை அலமாரியில் உட்கார்ந்து பார்த்தவன், 25, 26 வயதில் அதே அலமாரியில் இயேசுவின் பெயரால் தன்னைத் திரும்ப வைக்கிறார்கள் என்று கண்டால் என்ன செய்வான்? கிறிஸ்தவப் பாடகர்களை நட்சத்திரமாக்குவதைக் கண்டித்துத் தன் பத்திரிகையிலும் எழுதியிருக்கிறார். காசு வேண்டாம் என்றதைவிட, கைதட்டலைக் கண்டு பயந்ததுதான் பெரிது என்று எனக்குப் படுகிறது. அந்தக் கைதட்டல் எவ்வளவு இனிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கும் கொஞ்சம் தெரியும், அதனால் சொல்கிறேன். போன ஞாயிறு பாட்டு முடிந்ததும் முதலில் செய்தது, போனை எடுத்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்ததுதான். அப்போது போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அலைவரிசை எழுதியது:

ஹா ஹா, தம்பி நேர்மையானவன். எல்லாரும் செய்வதுதான், யாரும் எழுதுவதில்லை.

மனோதத்துவம் அதிகம் போகிறதோ என்று பயம், ஆனாலும் அந்த அலமாரி விஷயம் ஒட்டுகிறது. இப்படிப் பார்த்தால் அவர் எடுத்தது அவருடைய காயத்துக்கு அவர் போட்ட மருந்து. உன் காயம் அது இல்லை என்றால் உனக்கு அந்த மருந்து வேண்டாம்.

மறுகரை எழுதியது:

மருந்தோ நோயோ, 1979இல் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்து, லிண்டேல் ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி ஊழியத்தை அங்கே கொண்டுபோனார். அதன் முடிவும் அந்த நிலத்துக்கு மேலேயே நடந்தது. அதையும் யாராவது எழுதுங்கள், புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சன்னலோரம் எழுதியது:

நான் எழுதுகிறேன், சுருக்கமாக.

1982 ஜூலை 28. ஒரு மிஷனரிக் குடும்பம் பார்க்க வந்திருந்தது, கணவன், மனைவி, ஆறு பிள்ளைகள். இடத்தை மேலிருந்து காட்டலாம் என்று வாடகைக்கு எடுத்திருந்த செஸ்னா 414 விமானத்தில் ஏறினார்கள். கீத் தன் மகன் ஜோசையாவையும் மகள் பெத்தனியையும் கூட்டிக்கொண்டார். மூன்று வயது, இரண்டு வயது. விமானி உட்பட 12 பேர். அந்த விமானம் ஏழு பேருக்கானது. கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்தது, யாரும் பிழைக்கவில்லை. எடை அளவுக்கு மேல் இருந்தது, அதிலும் பாரம் பின்பக்கம் சாய்ந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. மெலடி வீட்டில் இருந்தார், ஒரு வயதுக் குழந்தையோடு. வயிற்றில் இன்னொன்று.

'கர்த்தருடைய சித்தம்' என்று இதை ஒரே வரியில் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஏழு பேர் விமானத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றியது மனிதர்கள். நான் விசுவாசிதான், இதையும் சேர்த்தே விசுவாசிக்கிறேன்.

பழைய கேசட் எழுதியது:

ஒன்றும் சொல்வதற்கில்லை அம்மா. வரி விடாமல் நீங்கள் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு மெலடி அந்த ஊழியத்தைத் தொடர்ந்து நடத்தினார், கணவரின் மீதிப் பாட்டுகளை 83இலும் 84இலும் வெளியிட்டார், அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். கீத் செத்த பிறகு நடந்த நினைவுக் கச்சேரிகளில் மிஷனரியாகப் போகிறோம் என்று எழுந்து நின்ற இளைஞர்கள் ஏராளம்.

நெறியாளர் எழுதியது:

நல்ல இழை. கத்தோலிக்கர், சீர்திருத்த சபை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே வளர்க்க வேண்டாம். மறுகரையைச் சொல்லவில்லை, அவருக்குப் பதில் எழுதி நான் நீக்கிய இரண்டு பேரைச் சொல்கிறேன்.

வெள்ளைக்கட்டை எழுதியது:

முடிவாக என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும் அல்லவா, இத்தனை பேர் நேரம் செலவழித்திருக்கிறீர்கள்.

முதலில் அலைவரிசை அண்ணா சொன்னதை யோசித்தேன். பதிவு செய்துகொடுத்த நண்பனுக்கு நான் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இலவசம் இலவசம் என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன், கட்டியது அவன். நேற்று போய்க் கணக்கை முடித்தேன். வாங்க மாட்டேன் என்றான், பிறகு வாங்கிக்கொண்டான். முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பாட்டை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி போட்டிருக்கிறேன். கீழே, கொடுக்க விரும்பினால் கொடுக்க ஒரு வழியும் வைத்திருக்கிறேன். அம்மா அந்த வரியைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. பார்வை எண்ணிக்கையை மறைத்துவைக்க ஒரு வசதி இருந்தது, அதை அமுக்கிவிட்டேன். இரண்டு முறை திரும்பப் போய் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அமுக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்க விரும்புகிறவர்கள் தனிமடல் போடுங்கள், அனுப்புகிறேன். மூன்றாவது பாட்டில் இடது கை சொதப்பல், மன்னிக்கவும்.

கோவில்பக்கம்போகாதவன் எழுதியது:

அனுப்பு. சொதப்பலைத்தான் முதலில் கேட்பேன்.

பழைய கேசட் எழுதியது:

எனக்கு இரண்டாக அனுப்பு தம்பி.